கஞ்சா போதைக்கு முறிமருந்து வருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓபியம் வகைப் போதைக்கு நலாக்சோன் என்ற முறிமருந்து இருக்கிறது. கஞ்சாவுக்கு அப்படி ஒன்று கிடையாதா?

அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. அவசரப் பிரிவுக்கு வருபவரைச் சத்தமில்லாத இடத்தில் படுக்கவைத்து, நாடித்துடிப்பைக் கவனிப்பார்கள். வாந்தியால் உடல் வறண்டிருந்தால் சலைன் ஏற்றுவார்கள். பதற்றம் அடங்காவிட்டால் லோரசெபாம் மாதிரி ஒரு மருந்து. அப்புறம் போதை தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படியொரு மருந்து எப்படி வேலை செய்யும்?

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி, மூளை செல்களில் வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களான சிபி1 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தை வேறொரு மருந்து பிடித்துக்கொண்டால் டிஎச்சிக்கு வேலையில்லை. ரிமோனபாண்ட் இப்படிப்பட்டதுதான். அதை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் கஞ்சா புகைக்கவைத்தபோது போதையும் இதயப் படபடப்பும் குறைந்ததை 2001இலேயே காட்டிவிட்டார்கள். பிறகு 2006இல் உடல் பருமனுக்காக ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. தினமும் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் நிறுத்தினார்கள். இப்போது சோதனையில் இருக்கும் செலோனபாண்டும் இதே வழியில் வேலை செய்வதுதான். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடுவது வேறு, அவசரத்துக்கு ஒரே ஒரு டோஸ் கொடுப்பது வேறு. அந்த வேறுபாட்டை நம்பித்தான் இந்த முயற்சியே நடக்கிறது.

போதையை எப்படி அளக்கிறார்கள்?

100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் காட்டி, ‘எவ்வளவு போதையாக இருக்கிறது?’ என்று கேட்பார்கள். இந்த முனை ‘துளியும் இல்லை’, அந்த முனை ‘உச்சம்’. தன்னார்வலர் ஓர் இடத்தில் குறி வைப்பார். இடுப்பில் நூலைக் கட்டிக் கண்ணை மூடி இரண்டு நிமிடம் நிற்கச் சொல்வதும் உண்டு. உடல் எவ்வளவு ஆடுகிறது என்பதை நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

போதை எப்படியும் தெளியும் என்பதால், மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவோடு ஒப்பிடாத சோதனை முடிவுக்கு மதிப்பில்லை. இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: மருந்தை எப்போது கொடுத்தார்கள்? நெதர்லாந்தின் லைடன் நகரில் செலோனபாண்டைச் சோதித்தபோது, முதல் பகுதியில் டிஎச்சியையும் மருந்தையும் ஒரே வேளையில் கொடுத்தார்கள். போதை வெகுவாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது தடுப்பு, மீட்பு இல்லை. மருத்துவமனைக்கு வருகிறவர் போதை ஏறிய பிறகுதானே வருகிறார்! ஏறிய போதையை இறக்கிக் காட்டும் சோதனையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

சிபிடி எண்ணெய் குடித்தால் போதை குறையுமா?

வேண்டாம். சிபிடி என்பது கஞ்சாவிலேயே இருக்கும், போதை தராத இன்னொரு வேதிப்பொருள். டிஎச்சியும் அதுவும் வாய்வழியாகச் சேர்ந்தால், கல்லீரலில் டிஎச்சி சிதைவதை சிபிடி தாமதப்படுத்திப் போதையைக் கூட்டிவிடலாம்.

குழந்தை கஞ்சா கலந்த மிட்டாயைத் தின்றுவிட்டால்?

உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ‘நன்றாகத்தானே விளையாடுகிறது’ என்று இருந்துவிடாதீர்கள். தின்றது வேலையைக் காட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். பெரியவர்களுக்கு அரிதாக வரும் ஆழ்மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் சிறு குழந்தைகளுக்கு வரக்கூடும். என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். முறிமருந்து அதிகம் தேவைப்படுவது இந்தக் குழந்தைகளுக்குத்தான். ஆனால் சோதனைக்காக எந்தக் குழந்தைக்கும் டிஎச்சி கொடுக்க முடியாது. மயங்கிக் கிடக்கும் குழந்தையால் மாத்திரை விழுங்கவும் முடியாது, நரம்பு வழியாக ஏற்றும் வடிவம்தான் வேண்டும்.