அணைந்து எரியும் போர்ட்

கேள்வி: எங்கள் அலுவலக ரவுட்டரின் லாக்கில், ஒரே போர்ட் நாளொன்றுக்குப் பலமுறை 'டவுன்', 'அப்' என மாறுவதாகப் பதிவாகிறது. ரவுட்டரையே மாற்ற வேண்டுமா?
- வாசகர், கரூர்

பதில்: அவசரப்பட்டுச் செலவு செய்ய வேண்டாம். முதலில் லாக்கில் நேரத்தோடு வேகத்தையும் கவனியுங்கள். ஜிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடிகளே போதும் என்பதால், 1000 என்றிருந்த வேகம் அறுந்து மீளும்போது 100 ஆக இறங்கியிருந்தால், ஏதோ ஒரு ஜோடி சரியாகத் தொடவில்லை என்றே நான் சந்தேகிப்பேன். கனெக்டரை லேசாக அசைத்துப் பாருங்கள். பச்சை விளக்கு அணைந்து எரிந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். கொக்கி உடைந்த கனெக்டரை டேப் ஒட்டிச் சமாளிப்பது நம் அலுவலகங்களின் தீராத வழக்கம், அதைக் கைவிடுங்கள்.

கேபிள் நன்றாயிருந்தால், அதே கேபிளை வேறு போர்ட்டில் செருகி, கோளாறு கேபிளோடு நகர்கிறதா, பழைய போர்ட்டிலேயே தங்குகிறதா என்று பாருங்கள். எதிர்முனையில் இருப்பது கணினியென்றால், அது உறக்க நிலைக்குச் செல்லும்போதும் போர்ட் 'டவுன்' ஆகலாம், அது பழுதன்று. சிஆர்சி பிழை, அதாவது தரவு வழியில் சிதைந்து வந்ததைக் காட்டும் பிழை, எண்ணிக்கையில் தொடர்ந்து ஏறினால் மறுபடியும் கேபிளையே சந்தேகியுங்கள்.