டிராயிங் சார் பதில்கள்: கடல் பார்க்காதவர் கல்லறையில் நங்கூரம்

(கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் காணும் அடையாளங்களைப் பற்றியே இம்முறை கேள்விகள் குவிந்துவிட்டன. பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, பாளையங்கோட்டையில் கல்லறைக் கற்களுக்கு எழுத்தும் படமும் வரைந்து கொடுக்கும் நம் டிராயிங் சார் பதில் சொல்கிறார்.)

எங்கள் பூட்டனார் வாத்தியார் வேலை பார்த்தவர். ஊரைவிட்டு வெளியே போனதே அபூர்வம். அவர் கல்லறைக் கல்லில் பெரிதாக நங்கூரம் வெட்டியிருக்கிறது. 'தாத்தா கப்பலில் இருந்தாரா?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– ஜே.டி., சாயர்புரம்

கப்பலும் இல்லை, தோணியும் இல்லை. எபிரெயர் நிருபம் 6ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். நம்பிக்கையை 'ஆத்தும நங்கூரம்' என்கிறது. உங்கள் பூட்டனாருக்குக் கல் நாட்டியவர்கள் வேதம் தெரிந்தவர்கள்.

சிலுவையைவிட நங்கூரத்துக்குத்தான் கல்லறையில் பழைய பாத்தியதை. ரோமாபுரியில் பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறை என்று ஒன்று உண்டு. அங்கே செத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நங்கூரம் கீறியிருப்பார்கள். சிலுவையைத் தேடினால் சுலபத்தில் அகப்படாது. 200ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் கிளமெந்து என்ற போதகர், விசுவாசிகள் முத்திரை மோதிரத்தில் என்னென்ன பொறிக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்: புறா, மீன், காற்றில் ஓடும் கப்பல், யாழ், நங்கூரம். சிலுவை அதில் கிடையாது.

ஏன் கிடையாது? அன்றைக்கு அது ஊரறிந்த கொலைமரம். அடிமையையும் கலகக்காரனையும் வழியோரத்தில் தொங்கவிட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கச் சாகடித்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ரோமில் பாலத்தீன் குன்றுச் சுவர் ஒன்றில் எவனோ ஒரு குசும்பன் கிறுக்கிய படம் கிடைத்திருக்கிறது. கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கைதூக்கி நிற்கிறான். 'அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான்' என்று கிரேக்கத்தில் எழுத்து. இயேசுவைச் சிலுவையில் காட்டும் மிகப் பழைய படங்களில் ஒன்று, விசுவாசி வரைந்ததல்ல, அவனைக் கேலி செய்தவன் வரைந்தது! 312இல் ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் போரில் ஜெயித்துக் கிறிஸ்தவர் பக்கம் சாய்ந்தபின் நிலைமை மாறியது. அதற்கும் நூறு வருஷம் கழித்துத்தான் ரோமின் சாந்தா சபீனா கோயில் மரக்கதவில் சிலுவைக்காட்சியைச் செதுக்குகிறார்கள்.

என் தொழில் விஷயமும் கொஞ்சம். நங்கூரம் வரையும்போது முதலில் செங்குத்தாக ஒரு தண்டு, வளையத்துக்குக் கீழே குறுக்குக் கம்பு. அதோடு சாக்பீஸை எடுத்துவிட்டால் அது சிலுவை. கீழே இரண்டு பக்கமும் கொக்கியை வளைத்தால்தான் நங்கூரம். கல் வெட்டுகிற தம்பியிடம் இரண்டு காரியம் சொல்வேன்: குறுக்குக் கம்பைக் குட்டையாக்காதே, கொக்கி நுனியை ரொம்ப மெலிக்காதே. மெலிந்தால் கருங்கல்லில் சில்லு பெயர்ந்து மீன்தூண்டில் மாதிரி ஆகிவிடும். இப்போது ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினில் மணலைப் பீச்சி வெட்டுகிறார்கள். சில்லு போகாதுதான். ஆனால் ஆழம் பத்தாது, நாலு மழைக்குப் பெயின்ட் போனால் எழுத்தையே தடவித்தான் படிக்கணும்.

சிலுவை இல்லாமல் கல்லறை கட்டினால் குறை என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். அப்படியா சார்?
– ஒரு வாசகி, களக்காடு

உங்களுக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறதே அம்மா. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951இல் காலமானார். தன் குழியின்மேல் கல் நாட்டக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். அவருக்கு என்ன குறை வந்துவிட்டது? சம்பந்தியிடம் இதைச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுங்கள். சம்பந்தியோடு மல்லுக்கட்ட வேதத்தில் கட்டளை இல்லை.

அண்ணாச்சி, ஒரு கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணைப் பேழைக் கதவில் ஒரு பறவை தன் நெஞ்சைத் தானே கொத்துகிற மாதிரிப் படம் பார்த்தேன். கீழே மூன்று குஞ்சுகள். வாத்தா, கழுகா?
– எம்.ஆர்., மூலைக்கரைப்பட்டி

நல்ல ஊரிலிருந்து கேட்டீர்கள். வாத்தும் இல்லை, கழுகும் இல்லை. அது கூழைக்கடா. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் வருஷா வருஷம் வந்து கூடு கட்டுகிறதே, அந்த இனந்தான்.

'ஃபிசியோலோகஸ்' என்று கிரேக்கத்தில் ஒரு பழைய புத்தகம். மிருகம், பறவைகளின் குணத்தைச் சொல்லி, அதற்கு வேத விளக்கமும் கொடுக்கும். அதில் கூழைக்கடாக் கதை வருகிறது. குஞ்சுகள் வளர்ந்து பெற்றவர்கள் முகத்திலேயே அடிக்குமாம். கோபத்தில் பெற்றவை திருப்பி அடிக்க, குஞ்சுகள் செத்துப்போகும். மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து ரத்தத்தை ஊற்ற, அவை பிழைக்கும். மூன்றாம் நாள், விலா, ரத்தம்: எதைச் சொல்ல வருகிறது என்று உங்களுக்கே விளங்கும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தன் நற்கருணைப் பாட்டில் இயேசுவையே கூழைக்கடா என்று கூப்பிட்டு, அந்த ரத்தத்தில் ஒரு துளி உலகத்துக்கே போதும் என்றார். அதனால்தான் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையின் கதவில் அதற்கு இடம்.

பறவை நிஜத்தில் அப்படிச் செய்யாது. கூந்தன்குளத்தில் மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். தாய் அலகைத் திறக்கும். குஞ்சு தலையை மட்டுமல்ல, கழுத்து வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவும். தாயைக் குத்திக் கிழிக்கிறதோ என்று நமக்கே பதறும். பிறகு தாய் அலகை நெஞ்சோடு ஒட்டிவைத்து உட்காரும். இதைத் தூரத்திலிருந்து பார்த்தவன் எவனோ அந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அதைப் படமாக்கிய ஐரோப்பியச் சித்திரக்காரர்களில் பலர் கூழைக்கடாவைக் கண்ணாலேயே பார்த்ததில்லை போலும். அன்னத்தின் கழுத்தும் கழுகின் அலகும் வைத்து வரைந்துவிட்டார்கள். அச்சுப்படம் பார்த்து வரைந்த நம்மூர்ப் பெயின்டரும் அப்படியே வரைந்தார். நீங்கள் குழம்பியதில் தப்பே இல்லை. இனி யாராவது புதிதாக வரைவதாக இருந்தால், கீழ் அலகில் பை தொங்க வரையட்டும். 1994இல் சரணாலயம் என்று அரசு அறிவித்த இடம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது லண்டன் படத்தைப் பார்த்து வரைவானேன்?

பீடத்துணியில் பூவேலை செய்கிறேன். அதில் வரும் ஐ.எச்.எஸ். என்ற எழுத்துகளுக்கு 'நான் பாடுபட்டேன்' என்று இங்கிலீஷில் அர்த்தம் என்கிறார்கள். சரிதானா?
– ஒரு பெண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர், நாசரேத்

இல்லை. இங்கிலீஷுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கிரேக்கத்தில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்து: இயோட்டா, ஏட்டா, சிக்மா. ஏட்டாவின் பெரிய எழுத்து பார்வைக்கு இங்கிலீஷ் எச் மாதிரியே இருப்பதால் வந்த குழப்பம். 15ஆம் நூற்றாண்டில் சியன்னா ஊர் பெர்னார்தின் என்ற துறவி, இந்த எழுத்துகளைச் சூரியக் கதிர் நடுவே எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டித்தான் இத்தாலி முழுக்கப் பிரசங்கம் செய்தார். பிறகு இயேசு சபையார் அதையே தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள். 1923இல் அவர்கள் தொடங்கியதுதான் பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி. சீர்திருத்த சபைக்காரர்கள் பீடத்திலும் அதே எழுத்து இருக்கிறது, யாரும் சண்டைக்கு வரவில்லை. தைக்கும்போது நடு எழுத்தின் குறுக்குக் கோட்டிலிருந்து சிலுவை எழும்பட்டும், எட்ட நின்று பார்த்தாலும் தெரியும்.

போப்பாண்டவர் உட்கார்ந்த நாற்காலியில் தலைகீழ்ச் சிலுவை! இது சாத்தானின் அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் படம் வந்திருக்கிறதே?
– ஒரு வாசகர், வள்ளியூர்

படம் நிஜம், கூட வந்த வியாக்கியானம் கப்சா. 2000ஆம் ஆண்டு இரண்டாம் ஜான் பால் இஸ்ரேலுக்குப் போனபோது எடுத்தது. பேதுருவை, அதாவது நம் ராயப்பரை, தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள் என்பது பழைய மரபு. ஆண்டவரைப் போல நிமிர்ந்து சாகத் தனக்குத் தகுதியில்லை என்று அவரே கேட்டுக்கொண்டாராம். பேதுருவின் வாரிசு என்று சொல்லிக்கொள்பவர் நாற்காலியில் பேதுருவின் சிலுவை இல்லாமல் வேறு யாருடையது இருக்கும்? ஃபார்வர்டு பண்ணியவருக்கே இதைத் திருப்பி அனுப்புங்கள்.

வேதத்தில் சொன்னது பேரீச்சங்கிளை. நாம் குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்து பிடிக்கிறோம். இது செல்லுமா?
– ஒரு வாசகர், சாத்தான்குளம்

தாராளமாகச் செல்லும். ருஷ்யாக்காரர்கள் வில்லோ மரத்தின் மொட்டுவிட்ட குச்சியைப் பிடிக்கிறார்கள். அந்தப் பனியில் பேரீச்சைக்கு எங்கே போவார்கள்? ரோமர் காலத்தில் ஓலை, ஜெயித்தவன் கையில் கொடுப்பது. பந்தயத்தில் ஜெயித்தவன், யுத்தத்தில் ஜெயித்தவன். அதனால்தான் வேதசாட்சிகள் படங்களிலும் கையில் ஓலை இருக்கும். தேரிக்காட்டில் அதற்குப் பனையைவிட்டால் வேறு யார்?

ஒன்றைக் கவனித்தீர்களா? கடையில் விற்கிற பிளாஸ்டிக் சிலுவைக்கு இல்லாத ஒரு சுற்று இந்த ஓலைக்கு உண்டு. ஈர்க்கை உருவி, இரண்டு கீற்றை மடித்து முடைந்த சிலுவை ஒரு வருஷம் வீட்டுப் படத்துக்குப் பின்னால் காய்ந்து மஞ்சளாகும். மறுவருஷம் கோயிலில் அதை வாங்கிச் சுட்டுத்தான் சாம்பல் புதனுக்கு நெற்றியில் பூசுகிறார்கள். பச்சையாக வாசம் வரும்போதே முடைந்துவிடுங்கள், வாடினால் மடிக்கிற இடத்தில் வெடிக்கும்.

கார் கண்ணாடியில் மீன் ஸ்டிக்கர் ஒட்டுவது எதற்கு?
– ஒரு வாசகர், மேலப்பாளையம்

'இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர்' என்பதைக் கிரேக்கத்தில் எழுதி முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'இக்துஸ்', மீன். ஒருவர் மண்ணில் பாதி மீன் வரைய, மற்றவர் மீதியை வரைந்து ரகசியமாக அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பழைய ஆதாரம் எதுவும் இல்லை. ஞாயிறு பள்ளியில் சொல்வதாக இருந்தால் கதை என்று சொல்லியே சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு எத்தனை முனை இருக்கணும்? எப்போது இறக்கணும்?
– ஒரு மாணவி, இடையன்குடி

நட்சத்திரக் கதையை வேதத்தில் எழுதிய மத்தேயு முனையை எண்ணவில்லை மகளே. நாம் கட்டுவது பெரும்பாலும் ஐந்து முனை. ஜெர்மனியில் மொரேவிய சபையாரின் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கணிதப் பாடமாகச் செய்யக் கொடுத்த காகித நட்சத்திரத்துக்கு இப்போது வழக்கமாக 26 முனை. நீ எட்டில் நிறுத்தினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வந்து குழந்தை இயேசுவைப் பணிந்த நாள் என்று ஜனவரி 6ஐக் கொண்டாடுகிறோம், அதுவரை தொங்கட்டும். உள்ளே குண்டு பல்பு மட்டும் போடாதே. காகிதம் கருகி, மார்கழிப் பனிக்கு ஈரமான ஒயரும் சேர்ந்து ஃபியூஸ் போகும். எல்.இ.டி. போதும்.