நெல்லு போடாமலே நெல்லுக்குக் காசு

கேள்வி: பி.எம். கிசான் பணத்துல போலி விவசாயிங்க புகுந்து 2020-ல நம்ம மானம் சந்தி சிரிச்சுச்சு. அமெரிக்காவுல உழுறவனுக்கு மட்டும்தான் மானியம் போகுதாம், அங்க சிஸ்டம் அப்படியாம். நாம எப்ப சார் திருந்துறது? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: உழுறவனுக்கு மட்டும்தானா? உங்களுக்கு யாரோ நல்லா காது குத்தியிருக்காங்க.

டெக்ஸாஸ்ல ஹூஸ்டனுக்குத் தென்மேற்கால வார்ட்டன் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அதுல எல் காம்போன்னு ஒரு ஊரு, நெல்லு விளையுற பக்கம். 2006-ல வாஷிங்டன் போஸ்ட் ஆளுங்க அந்தப் பக்கம் போய்ப் பார்த்து எழுதினாங்க, பழைய நெல் வயலை பிளாட் போட்டு வித்துட்டாங்க, வாங்கினவங்க பெரிய பெரிய வீடா கட்டி குடியிருக்காங்க, ஆனா வீட்டுக்குப் பின்னாடி கிடக்கிற புல்லுக்கு வருஷா வருஷம் நெல் மானியம் வந்துக்கிட்டே இருக்கு. இந்த மாதிரி மனைக்கு அங்க 'கவ்பாய் ஸ்டார்ட்டர் கிட்'ன்னு, அதாவது கவ்பாய் வேஷம் கட்ட ஆரம்ப செட்டுன்னு, கிண்டல் பேரே உண்டு. 2000-லேர்ந்து அதுவரைக்கும் விவசாயமே பண்ணாதவங்களுக்குப் போனது நாடு முழுக்க 130 கோடி டாலர்னு அந்தப் பேப்பர் கணக்கு போட்டுச்சு.

இதுல ஒருத்தரும் போலி இல்லங்க, அதான் விஷயமே. எல்லாம் சட்டப்படி. 1996-ல கொண்டு வந்த சட்டத்துல என்ன பண்ணாங்கன்னா, இந்த நிலத்துல முன்னாடி என்ன பயிர் எத்தனை ஏக்கர் இருந்துச்சுன்னு பார்த்து 'பேஸ் ஏக்கர்'னு பதிஞ்சுட்டு, அந்தப் பதிவை வச்சு பணம், இப்ப நீ என்ன போடுற, போடுறியா இல்லையா, விலை ஏறிச்சா இறங்கிச்சா, எதையும் கேக்கல. 2002 சட்டத்துல நெல்லுக்கு ரேட்டு 100 பவுண்டுக்கு 2.35 டாலர், பேஸ்ல 85 சதவீதத்துக்கு. ஏக்கருக்கு 5000 பவுண்டு விளைச்சல்னு ரிக்கார்டுல இருந்தா ஏக்கருக்கு சுமாரா 100 டாலர், 10 ஏக்கர் மனைக்காரருக்கு வருஷம் 1000 டாலர், மாடியில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே.

குத்தகைக்காரன் பாடுதான் பாவம். பணக்குத்தகைன்னா மானியம் உழுறவன் பேருக்குத்தான் போகணும்னு விதி இருக்கு, சரி, ஆனா நிலத்துக்காரன் என்ன பண்றான், குத்தகையை ஏத்துறான், இல்லன்னா நீ போப்பான்னு அனுப்பிட்டு நிலத்தைச் சும்மா போட்டு மானியத்தை அவனே வாங்கிக்கிறான். ஊருல நெல்லு போடுற ஆளு குறைஞ்சா அரிசி மில்லு, உரக்கடை, டிராக்டர் ரிப்பேர் பண்றவன் வரைக்கும் அடி வாங்கும், அந்தக் கணக்கை வாஷிங்டன்ல யாரு பார்க்கிறா.

2014-ல இந்த நேரடிப் பணத்தை நிறுத்திட்டாங்கதான். ஆனா பேஸ் ஏக்கர் போகல. இப்ப சந்தை விலை சட்டத்துல குறிச்ச விலைக்குக் கீழ போனா பணம், அதுவும் பேஸ் ஏக்கரை வச்சுத்தான். 2025-ல அந்த விலையை நெல்லுக்கு 100 பவுண்டுக்கு 14 டாலர்லேர்ந்து 16.90-ஆ தூக்கினாங்க, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான்னு தலைக்கு 1,25,000-ஆ இருந்த உச்சவரம்பு 1,55,000 டாலர் ஆச்சு, புதுசா 3 கோடி ஏக்கர் வரைக்கும் பேஸ்ல சேர்த்துக்கலாம்னும் சொல்லிட்டாங்க. உச்சவரம்புங்கிறதே தமாஷ்தான், 2018 சட்டம் பெரியப்பா பையன், அத்தை பொண்ணு, அக்கா பையன் எல்லாரையும் பண்ணைக் குடும்பக் கணக்குல சேர்த்துக்க விட்டுச்சு, 'நிர்வாகத்தைப் பார்த்துக்கிறேன்'னு காட்டினா ஆளுக்கு ஒரு உச்சவரம்பு. வயல்ல கால் வைக்கணும்னு அவசியமே இல்ல.

நம்ம பி.எம். கிசான் 6000 ரூபாயும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான், குத்தகைக்கு எடுத்து நாத்து நடுறவருக்கு இங்கயும் ஒரு பைசா கிடையாது. மன்னார்குடியில உக்காந்துக்கிட்டு இதை என்கிட்ட கேக்கிறீங்களே சார், உங்க தெருவுலயே எத்தனை பேரு இருப்பாங்க!