சூசகம் என்றால் ரகசியமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டக் குறிப்பில், ‘அடுத்த ஆண்டு பொறுப்பில் தொடரப்போவதில்லை என்று தலைவர் சூசகமாகத் தெரிவித்தார்’ என்று எழுதினேன். எல்லார் முன்னாலும் பேசியது எப்படிச் சூசகம் ஆகும் என்று செயலாளர் கேட்கிறார். சொல் சரிதானா? தமிழ்ச் சொல் உண்டா?

பதில்: சொல் சரிதான். செயலாளர் சூசகத்தை ரகசியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ‘சுட்டிக்காட்டுவது’ என்பதே இந்த வடசொல்லின் பொருள். ரகசியம் பேசுபவருக்கு விஷயம் வெளியே போகக் கூடாது. சூசகமாகப் பேசுபவருக்கோ அது போய்ச் சேர வேண்டும். தன் வாயால் சொன்னதாக மட்டும் இருக்கக் கூடாது. கூட்டணி மாறுமா என்று கேட்டால், ‘தை பிறக்கட்டும், பார்க்கலாம்’ என்கிறார் ஒரு தலைவர். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஊருக்கே தெரியும். மைக் முன்னால் சொன்னாலும் அது சூசகம்தான்.

பூடகம் வேறு. அதில் மறைப்பது தூக்கலாக இருக்கும், கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஜாடை பேசுவது இன்னும் வேறு. மாடிக்குடித்தனக்காரர் காதில் விழும்படி வீட்டுக்காரர் பிளம்பரிடம், ‘சில பேரு குழாயைத் திறந்தா மூடவே மாட்டாங்கப்பா’ என்கிறாரே, அதுதான் ஜாடை. பேச்சு ஒருவரிடம், குத்து இன்னொருவருக்கு. உங்கள் தலைவர் பேச்சுக்கு இது பொருந்தாது.

தமிழ்ச் சொல் ‘குறிப்பு’. சொல்லின் பொருள் வெளிப்படையாகவும் தெரியும், குறிப்பாலும் தோன்றும் என்று தொல்காப்பியமே பிரித்துக் காட்டுகிறது. குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று என இரண்டு அதிகாரங்கள். வாய் திறந்து சொல்லாததை முகம் பார்த்தே அறிபவனை ‘மாறாநீர் வையக்கு அணி’, அதாவது வற்றாத கடல் சூழ்ந்த உலகுக்கே அணிகலன் என்கிறார் வள்ளுவர். இவ்வளவு பழைய, அழகான சொல்லை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை. ஆனால் இன்று ‘குறிப்பாகச் சொன்னார்’ என்று எழுதினால் ‘முக்கியமாகச் சொன்னார்’ என்றுதான் படிப்பார்கள். அதனால் ‘குறிப்பால் உணர்த்தினார்’ என்று எழுதுங்கள், குழப்பம் வராது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சூசகம் என்று எழுதும்போது, அந்த எண்ணம் பேசியவருக்கு இருந்தது என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். ‘இனி இளைஞர்கள் பொறுப்புக்கு வரட்டும்’ என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், விலகல் என்பது உங்கள் ஊகமாகவும் இருக்கலாம். செய்திகளிலும் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. கூட்டக் குறிப்பு நாளைக்கு ஆவணம். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவிடுங்கள், சூசகம் வேண்டாம். வேறு இடத்தில் எழுதினால், ‘சூசகமாகத்’ என்று நீங்கள் போட்ட ஒற்று சரியே.