சின்ன இடதுசாரிக் கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணா?

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வீணாகாது. அநுர குமார திசாநாயக்கவின் இடதுசாரிக் கட்சியான ஜேவிபியில் நம்பிக்கை போய்விட்டது, சின்ன இடதுசாரிக் கட்சிக்குப் போட்டால் வலதுசாரி வென்றுவிடுவாரோ என்று பயப்படுகிறீர்களா? அதற்கு வாக்குச்சீட்டிலேயே வழி இருக்கிறது: மனதுக்குப் பிடித்தவருக்கு 1, அடுத்தவர்களுக்கு 2, 3.

ஒற்றைப் புள்ளடி போட்டே பழகியதால்தான் பெரும்பாலும் இந்தப் பயம். ஒருவரும் 50 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், முதல் இருவர் தவிர்ந்த மற்றவர்களின் சீட்டுகளில் 2, 3 எண்ணப்படும். 2024இல் முதல் தடவையாக அப்படி நடந்தது. அநுர குமார முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதத்தில் நின்றார்.

வெல்லக்கூடிய இருவரில் நீங்கள் பொறுத்துக்கொள்ளக்கூடியவர் உங்கள் 2இலோ 3இலோ இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வழியால் பயனே இல்லை. 1 போடாமல் 2 மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். புள்ளடியையும் இலக்கங்களையும் கலக்கவே வேண்டாம்.

பாராளுமன்றத் தேர்தல் வேறு. அங்கே விருப்பு வாக்கு நீங்கள் வாக்களித்த கட்சியின் வேட்பாளர்களுக்கு மட்டும்தான். மாவட்டத்தில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிக்கு அங்கே ஆசனம் கிடையாது.