ஸ்காண்டிநேவிய நாடுகளின் பாரம்பரிய மதிய உணவுகளில் வீட்டில் சமைக்கக்கூடியவை எவை?

ஸ்காண்டிநேவியாவில் பாரம்பரியமாக மதியம் என்ன சாப்பிடுவார்கள், அதில் நம் வீட்டு அடுப்பில் செய்ய முடிந்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஸ்வீடனில், உப்சாலாவில் இருக்கிறேன். யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பைத்தான்.

இங்கே மதியச் சாப்பாடு சீக்கிரமே ஆரம்பித்துவிடும். 11 மணிக்கே உணவகங்களில் 'தாகென்ஸ் லன்ச்', அதாவது அன்றைய சாப்பாடு, தயாராக இருக்கும். சூடாக ஒரு தட்டு, சாலட், ரொட்டி, கடைசியில் காப்பி, எல்லாம் ஒரே விலையில். வியாழக்கிழமை என்றால் பல இடங்களில் 'ஆர்ட்சொப்பா' எனும் மஞ்சள் பட்டாணி சூப், கூடவே பான்கேக். இராணுவத்திலும் வியாழனுக்கு இதுதான். கத்தோலிக்கக் காலத்தில் வெள்ளிக்கிழமை விரதம். அதனால் முந்தின நாளே இறைச்சியோடு வயிறாரச் சாப்பிட்டார்கள், அந்த வழக்கம்தான் இது என்று சொல்வார்கள். இந்தச் சூப்புக்கு ஒரு சோகமான கதையும் உண்டு. சிறையில் இருந்த ஸ்வீடன் மன்னர் 14ஆம் எரிக்குக்கு 1577இல் பட்டாணி சூப்பில் நஞ்சு கலந்து கொடுத்ததாகச் சொல்கிறார்கள். 1958இல் அவருடைய எச்சங்களைச் சோதித்தபோது ஆர்சனிக் இருந்தது தெரிந்தது. அவர் இறந்த ஓர்பிஹூஸ் கோட்டை எங்கள் ஊருக்கு வடக்கேதான் இருக்கிறது.

சரி, சமையலுக்கு வருவோம். வேண்டியது தோலோடு இருக்கும் காய்ந்த முழு மஞ்சள் பட்டாணி. நம் ஊர்க் கடற்கரையில் தேங்காய், மாங்காய் போட்டுச் சுண்டல் செய்கிறார்களே, அந்தப் பட்டாணியே போதும். அரைக் கிலோவை எடுத்து, நிறையத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்புப் போட்டு இரவு முழுக்க, 12 மணி நேரமாவது ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். நுரையும் தோலும் மேலே மிதந்து வரும், அதை அள்ளி எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு முழு வெங்காயத்தை உரித்து, அதில் இரண்டு கிராம்பைக் குத்தி உள்ளே போடுங்கள். உப்பிட்ட பன்றி இறைச்சி 300 கிராம் ஒரே துண்டாகப் போடுவது வழக்கம். சாப்பிடாதவர்கள் தயங்காமல் விட்டுவிடலாம், இங்கேயே சைவ ஆர்ட்சொப்பா பரவலாகக் கிடைக்கிறது. சிறு தீயில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். பட்டாணி பாதி கரைந்து, பாதி உருவத்தோடு நிற்க வேண்டும். கடைசியில் தைம், மார்ஜோரம் என்ற காய்ந்த மூலிகை இலைகள் ஒவ்வொரு சிட்டிகை. இறைச்சியே உப்பு என்பதால், ருசி பார்த்துவிட்டு அப்புறம் உப்புப் போடுங்கள்.

குக்கரில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் தோலை அள்ள முடியாது, எல்லாம் குழைந்து பருப்புக் கடைசல் போல ஆகிவிடும். உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமானது என்றால் ஊறவைக்கும்போதே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் மெத்தென்று வேகும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: முதல் தடவை சீரகமோ பச்சை மிளகாயோ சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது நம் பருப்பு. இந்த ஊர்ச் சாப்பாட்டில் காரம் பாத்திரத்துக்குள் இருப்பதில்லை, தட்டின் ஓரத்தில் இருக்கிறது. அரைத்த கடுகுப் பசையை ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் வேண்டிய அளவு கலந்து சாப்பிடுவார்கள். பட்டாணியின் இனிப்பும் கடுகின் சுருக்கென்ற காரமும் வாயில் சேரும் அந்த இடம்தான் இந்த உணவின் உயிர்.

கூட வரும் பான்கேக் மெல்லியது. இரண்டரை டெசிலிட்டர் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டெசிலிட்டர் பால், மூன்று முட்டை, கொஞ்சம் உருக்கிய வெண்ணெய் (ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லி). முதலில் பாதிப் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு மீதியைச் சேருங்கள். மாவு நீர் தோசைப் பதத்தில் இருக்கும். ஜாம் தடவிச் சாப்பிடுவது.

வார நாளில் அவ்வளவு நேரம் இல்லையென்றால் 'பித் இ பன்னா' செய்யுங்கள். முந்தின நாள் வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு, வெங்காயம், மிச்சமிருக்கும் இறைச்சி, எல்லாவற்றையும் ஒரு செண்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தனித்தனியே வெண்ணெயில் வறுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் வேர்த்துப்போகும், முறுகாது. மேலே ஒரு ஆஃப் பாயில், பக்கத்தில் ஊறவைத்த பீட்ரூட். அந்தப் பீட்ரூட்டுக்கு இங்கே 1-2-3 என்று ஒரு கணக்கு: வினிகர் ஒன்று, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று. ஆனால் இங்கே அதற்குப் பயன்படுத்தும் வினிகர் 12 சதவீதம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது 4, 5 சதவீதம்தான். அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: வினிகர் மூன்று, சர்க்கரை இரண்டு, தண்ணீர் ஒன்று. வேகவைத்த பீட்ரூட்டை அதில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்தால் போதும்.

டென்மார்க்கில் மதியம் என்றால் ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டிதான். ஒரே ஒரு துண்டு, ஓரம் வரை வெண்ணெய், அதன்மேல் மீனோ முட்டையோ இறைச்சியோ. இதுதான் ஸ்மோர்ரெப்ரோட், கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிட வேண்டியது. சைவர்களுக்கு நான் சொல்வது உருளைக்கிழங்கு வைத்தது: ஆறிய கிழங்கு வில்லைகள், முட்டை சேர்க்காத மயோனைஸ், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், மேலே மொறுமொறு வெங்காயம். கனமான, லேசாகப் புளித்த ரொட்டி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வெள்ளை பிரெட்டில் நனைந்து குழைந்துவிடும்.

நார்வேயில் மதியத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் ரொட்டிதான், சூடான சாப்பாடு பிற்பகல் தாண்டித்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுக்கும் வீடு என்றால் அவர்களுடைய தேசிய உணவான ஃபோரிகோலைச் செய்து பாருங்கள். எலும்போடு ஆட்டிறைச்சி ஒன்றரைக் கிலோ, அதே அளவு முட்டைக்கோஸ், முழு மிளகு நான்கு டீஸ்பூன், உப்பு இரண்டு டீஸ்பூன், தண்ணீர் 300 மில்லி. அடுக்கடுக்காக வைத்து மூடி, எலும்பைவிட்டுக் கறி கழலும்வரை இரண்டு, இரண்டரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள். வேறு எதுவும் வேண்டாம், வேகவைத்த உருளைக்கிழங்கு மட்டும்.

பட்டாணி சூப் மிஞ்சினால் மறுநாள் கெட்டியாகிவிடும். அரை டம்ளர் சுடுதண்ணீர் விட்டுக் கிளறிச் சூடாக்குங்கள், முதல் நாளைவிட அது இன்னும் நன்றாக இருக்கும்.