பழைய காரின் பிரேக் பைப்பை வீட்டிலேயே நாமே மாற்றலாமா?

மாற்றலாம். நான் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். ஒரே வண்டியில், ஒரே பைப்பை. இரண்டாவது தடவை ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"பிரேக் என்பது உயிர் விஷயம், மெக்கானிக்கிடம் விடு" என்று சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். வரட்டும், அவர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் கேட்டவரின் நிலைமை எனக்குத் தெரியும். பதினைந்து இருபது வருஷத்து வண்டியாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வண்டி விலையில் கால்வாசியைக் கேட்டிருப்பார்கள். வீட்டில் ஒரு ஸ்பேனர் செட் கிடக்கும். இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வியே வராது.

நான் தூத்துக்குடியில் ஏசி, பிரிட்ஜ் வேலை பார்க்கிறேன். 22 வருஷம் ஆகிறது. செம்புக் குழாயை வெட்டி, வளைத்து, முனையைப் புனல் மாதிரி விரித்து (இதைத்தான் ஃபிளேர் அடிப்பது என்போம்), நட்டைப் போட்டு இறுக்குவதுதான் என் சோறு. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஃபிளேர் அடிப்பேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வண்டி 2002 மாருதி 800. இரண்டாம் கையாக 2011இல் வாங்கியது. 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பக்கம் கொட்டியது. எங்கள் தெருவில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. வெறும் மழைத்தண்ணீர் என்றால்கூடப் பரவாயில்லை. உப்பளத்துத் தண்ணீரும் சாக்கடையும் சேர்ந்து வண்டியின் சீட் வரைக்கும் ஏறி நின்றது. இன்சூரன்ஸ் வெறும் தேர்டு பார்ட்டி, அதனால் கிளெய்ம் என்ற பேச்சே இல்லை. அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்தில் பாதி ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போனது. ஆயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, ஜனவரியில் வண்டி ஸ்டார்ட் ஆனபோது வீட்டில் எல்லோரும் கை தட்டினோம். அடியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

எட்டு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, திருச்செந்தூர் போகிறோம். நான், மனைவி, அத்தை. பழையகாயல் தாண்டி முன்னால் போன உப்பு லாரி மெதுவானது. பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. தரையைத் தொடப் போகும் நேரத்தில் கடைசி ஒரு இன்ச்சில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ரோட்டோரம் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு ஆள் படுக்கிற அளவுதான் இடைவெளி. அத்தை, "என்ன மாப்பிள்ளை, டீ குடிக்கவா?" என்று கேட்டார்கள். ஆமாம் அத்தை என்றேன்.

அந்தக் கடைசி ஒரு இன்ச் ஏன் பிடித்தது என்றால், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறை உண்டு. இரண்டுக்கும் தனித்தனி பைப் வழி. ஒரு வழியில் ஆயில் போய்விட்டாலும் இன்னொன்று மிஞ்சும். பாதி பிரேக், ஆனால் பிரேக். அப்படிச் செய்தவன் யாரோ, அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து பார்த்தால், பின்பக்கம் போகும் பைப்பில் ஓட்டை. ஓட்டை விழுந்த இடத்தைக் கவனியுங்கள்: பைப்பை பாடியோடு பிடித்திருக்கிற கிளிப்புக்கு உள்ளே. கிளிப்புக்குள் சேறு போய் உட்கார்ந்துகொள்ளும், சேற்றில் உப்பு, உப்பில் ஈரம். வெளியே தெரியும் பைப் பளபளவென்று இருக்கும், கிளிப்பைக் கழற்றினால் அப்பளம் மாதிரி உதிரும். உங்கள் வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லாதீர்கள்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். 9,000 ரூபாய் என்றார்கள். "பைப் கிடைக்கிறதே கஷ்டம் சார், பேசாம எடைக்குப் போட்டுருங்க." எடைக்கு! எனக்குக் கோபம் வந்துவிட்டது. பைப் வேலைக்கு என்னிடமே ஒருவன் 9,000 கேட்கிறானா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் வேலைக்கு மரியாதை கிடையாது. மூன்றாவது மாடிச் சுவருக்கு வெளியே, ஒரு காலைச் சன்ஷேடில் வைத்து அவுட்டோர் யூனிட்டை மாட்டுவோம். கீழே வந்தால், "வெறும் நாலு நட்டுதானே, அதுக்கு எதுக்கு 1,500?" என்பார்கள். லிஃப்டில் போகக்கூடாது, சாமான் இடிக்குமாம். ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டதற்கு, செருப்பு விடுகிற இடத்தில் சொம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதே வீட்டில் ஏசி மே மாசம் நின்றுபோனால் ராத்திரி பதினோரு மணிக்கு, "அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே." சரி விடுங்கள். "வெறும் பைப்புதானே" என்று மற்றவர்கள் என் தொழிலைச் சொல்லும்போது பற்றிக்கொண்டு வரும் எனக்கு, அன்றைக்கு அதே வார்த்தையை மெக்கானிக் தொழிலைப் பார்த்து நான் சொன்னேன். வெறும் பைப்புதானே.

3/16 இன்ச் செம்புக் குழாய் வாங்கினேன். பழைய நட்டுகளைக் கழற்றுவதே முதல் பாடம். பத்து நம்பர் சாதா ஓப்பன் ஸ்பேனரைப் போட்டேன், முதல் நட்டு உருண்டையாகிவிட்டது. ஃபிளேர் நட்டுக்கென்று ஒரு ஸ்பேனர் உண்டு, ரிங் ஸ்பேனரில் ஒரு வாய் வெட்டியது மாதிரி இருக்கும், அதைத்தான் போட வேண்டும். அதுவும் வழுக்கினால், எப்படியும் தூக்கிப் போடப் போகிற பைப்தானே, நட்டை ஒட்டி வெட்டிவிட்டு ஆறு மூலை சாக்கெட்டை நேராக மாட்டித் திருப்புங்கள். முந்தின நாள் ராத்திரியே துரு விடுகிற ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டால் பாதி வேலை மிச்சம்.

அப்புறம் ஃபிளேர். ஏசியிலும் 45 டிகிரி, பிரேக்கிலும் 45 டிகிரி. என்னை ஏமாற்றியது இதுதான். ஒரே கோணம், அதனால் ஒரே வேலை என்று நினைத்து, எப்போதும் போல ஒற்றை ஃபிளேர் அடித்து மாட்டினேன். (ஒரு முனையில் நட்டைக் கோர்க்காமலே ஃபிளேர் அடித்துவிட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் அது கத்துக்குட்டி செய்யும் தப்பு. மகன் பார்த்துவிட்டான், இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.) ஆயில் ஊற்றி, பைப்புக்குள் மாட்டிய காற்றை எடுத்து, மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நின்றது. 9,000 ரூபாய் வேலையை 600 ரூபாயில் முடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிரேக் ஆயில் இன்னொரு பாட்டில் வாங்கப் போன ஸ்பேர்ஸ் கடையில் ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து லாரி மெக்கானிக். நான் கடைக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, எழுந்து வந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, வண்டிக்குள்ள பிரிட்ஜ் வைக்கப் போறியளா?"

இல்லை அண்ணாச்சி, பிரேக் பைப் என்றேன்.

"உங்க ஏசியில கம்ப்ரசர் பக்கத்துல பைப்பு எங்க விடும்?"

ஃபிளேர் கழுத்தில் என்று சொல்லி வாயை மூடவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. அதிர்ந்துகொண்டே இருக்கிற இடத்தில் செம்பு நாள்பட நாள்பட இறுகி, மொறுமொறுவென்று ஆகி, கழுத்தில் கீறல் விடும். வருஷத்துக்கு நூறு வீட்டில் இந்தக் கீறலைப் பார்க்கிறேன். அங்கே விட்டால் கேஸ் போகும், ரூம் சூடாகும். வண்டியில் விட்டால்? அதுவும் ஏசியில் வெயில் காலத்திலும் அழுத்தம் 400 பிஎஸ்ஐ பக்கம்தான் நிற்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் 1,000 பிஎஸ்ஐ தாண்டும். கழற்றிப் பார்த்தபோது ஒரு நட்டைச் சுற்றி ஏற்கெனவே ஈரம். பெண்டாட்டியையும் அத்தையையும் அந்த வண்டியில்தான் மூன்று வாரம் ஏற்றிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி சொன்ன சரியான வழி இது. வண்டியில் வருவது பண்டி பைப். எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் பற்றவைத்தது. அதன் முனையில் வருவது இரட்டை ஃபிளேர். பித்தான் மாதிரி ஒரு அடாப்டரை வைத்து முதலில் முனையை உள்பக்கமாக மடக்கி, பிறகு கூம்பை வைத்து அமுக்க வேண்டும். உட்காருகிற உதட்டில் இரண்டு அடுக்கு வந்துவிடும். ஒற்றை ஃபிளேரில் குழாய் விரிய விரிய உதடு மெலிந்துபோகும், எஃகாக இருந்தால் கிழிந்தே போகும். எல்லா வண்டிக்கும் இரட்டை ஃபிளேர்தான் என்றும் நினைக்காதீர்கள். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் முனை குமிழ் மாதிரி இருக்கும். கழற்றிய பழைய முனை எப்படி இருக்கிறதோ அதையே போட வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த ஒரு குழாய் உண்டு, பத்தில் ஒரு பங்கு நிக்கல். அது துருப்பிடிக்காது, பிரேக்குக்கு ஆகும், வால்வோ 1970களிலேயே போட்டது. "செம்புதானே அதுவும்" என்று யாராவது வாதாட வந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

இந்தத் தடவை மாற்றிய நாலு பைப்பில் மூன்று ரெடிமேடாகவே கிடைத்தது, இரண்டு முனையிலும் நட்டும் ஃபிளேரும் கம்பெனியே போட்டது. கிடைக்காது என்று சொன்னார்களே, அதே ஊரில்தான். வளைத்து மாட்டுவது மட்டும் நம் வேலை. ஒன்றுக்கு மட்டும் நீளம் அமையாமல் அண்ணாச்சியின் டூலை இரவல் வாங்கி நானே அடித்தேன். ஏழாவது முனைதான் தேறியது. 22 வருஷ அனுபவம், ஏழாவது முனை! ரப்பர் ஹோஸ்களையும் கையோடு மாற்றினேன். பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். மகனைப் பெடலில் உட்கார வைத்தேன். அவன் மிதித்துப் பிடித்திருக்கும்போது சக்கரத்துப் பக்கம் காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறக்க வேண்டும், மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். முந்திக் காலை எடுத்தால் வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். மீன் தொட்டிக் குழாய் ஒன்றை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவைத்தால் குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். 800இல் தூரத்துச் சக்கரத்திலிருந்து, அதாவது பின்பக்கம் இடதிலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் வண்டிக்கு வேறு வரிசை இருக்கலாம், அதன் கையேட்டைப் பாருங்கள். மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது, வற்றினால் எல்லாம் முதலிலிருந்து. ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தோலுரிந்துவிடும். மூடி திறந்து மாசக்கணக்கில் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். அது ஈரத்தை இழுக்கிற சாமான். டாட் 3 ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 140 வரை இறங்கும்.

ஏபிஎஸ், அதாவது ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, உள்ள வண்டியா உங்களுடையது? அப்படியானால் இந்தப் பதிலை மூடிவிட்டு ஒர்க்‌ஷாப் போங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரித்த கார் எல்லாமே ஏபிஎஸ்தான். அதன் பெட்டிக்குள் காற்று மாட்டினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கிறவர்களுக்கும் இதே பதில்தான், கீழே ஸ்டாண்ட் வையுங்கள்.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டேன். மகன் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு நட்டையும் ஒற்றிப் பார்த்தான். எல்லாம் காய்ந்திருந்தது. அப்புறமும் நான் நம்பவில்லை. தெருவுக்குள்ளேயே, கை ஹேண்ட் பிரேக்கில் இருக்க, ரெண்டு நாள் பத்துக் கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டினேன். மூன்றாவது நாள் அண்ணாச்சியே வந்து, அடியில் படுத்துப் பார்த்து, ஒரு நட்டைக் கால் சுற்று இறுக்கினார். காசு வாங்கவில்லை. அவர் வீட்டு பிரிட்ஜ் ஒழுங்காகக் குளிராமல் கிடக்கிறதாம், வந்து பார்க்கச் சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.